ஜூஜூவாடி தாண்டினால் 'பார்லா'!

ஓசூர் டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டம்ளரில் கிடைக்கும். அது போதாதென்று, நாற்பது கிலோமீட்டர் பஸ் ஏறி பெங்களூரு வசந்த நகர் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படிக்கப் போகிற சிப்காட் வாலிபரே, கொஞ்சம் நில்லும்! 'இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ்' என்று ஒன்று வரும்.

'அவர் பேசணும்னு நினைக்கிறேன்', 'பேசணும்னு நினைச்சேன்'. நம்ம 'பேசணும்' அசையவே இல்லை, பார்த்தீரா? பழைய பிரெஞ்சில் அசையும். இன்றைய ஆசைக்கு 'பார்ல்', நேற்றைய ஆசைக்கு 'பார்லா'.

செய்முறை சுலபம். கதைகளில் 'நீ பேசினாய்' என்பது 'பார்லா'. எழுத்தில் கடைசியில் ஊமை எஸ். அதோடு எஸ், ஈ சேர்த்தால் 'நான்' வடிவம் 'பார்லாஸ்'. 'அவர்' என்றால் எஸ் போய், ஏ தலையில் ஒரு தொப்பி, பின்னால் ஊமை டி. 'நீங்கள்' என்றால்... 'பார்லாசியே'! பிரெஞ்சுக்காரர்களே சிரிப்பார்கள்.

ஜூஜூவாடி எல்லையில் லாரிகள் பில் காட்டக் காத்துக் கிடந்த மாதிரிதான். நேற்றுக்குள் நுழையும் வினைச்சொல்லும் பேப்பர் மாற்ற வேண்டும். நம்ம வணிகவரிச் சாவடி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் போயிற்று. பிரெஞ்சு அரசு 1901-லேயே பரீட்சையில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தது. 1976-ல் தாராளம்: நேற்றைய ஆசைக்கும் 'பார்ல்' எழுதலாம், மார்க் போகாது. பேச்சில் அதற்கு முன்பே கைகழுவியாச்சு. ஆக, அவர்களும் நம்ம 'பேசணும்' வழிக்கு வந்துவிட்டார்கள்!

அப்போ விட்டுடலாமா? வாயால் சொல்ல வேண்டாம். ஃப்ளோபேர் நாவலில் தொப்பி போட்ட வினைச்சொல்லைப் பார்த்தால் அடையாளம் தெரியணும், அவ்வளவே. இன்டர்வியூவில் 'பார்லாசியே' என்று எடுத்துவிட்டால் பிரெஞ்சு மேனேஜர் எழுந்து நின்று கும்பிடுவார். வேலை கொடுப்பாரா என்பது வேறு விஷயம்.