எந்த மாவட்டம், எந்தத் தாலுகா?

சென்னைத் தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள 108 ஆம்புலன்ஸ் சேவையின் கட்டுப்பாட்டு அறைக்குள் நான் நுழைந்தபோது, மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் அபாய அழைப்புகள் வந்து குவியும் அவ்விடத்தில் எத்தகைய பரபரப்பு நிலவுமோ என்று எண்ணியிருந்த எனக்கு, ஹெட்செட் அணிந்து வரிசை வரிசையாக அமர்ந்திருந்த யுவதிகளும் இளைஞர்களும் காட்டிய நிதானமே முதலில் கண்ணிற்பட்டது. 2005-ல் ஹைதராபாத்தில் ஆரம்பித்து, 2008-ல் தமிழ்நாட்டுக்கு வந்த இச்சேவையின் வண்டிகளை நாம் தினமும் சாலையில் காண்கிறோம். அவை எத்திசையில் விரைய வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் இந்த ஊழியர்களைக் காண்பவர் வெகு சிலரே.

நான் அருகில் அமர்ந்து கவனித்த பெண்மணி, அழைப்பவர் எவ்வளவு பதற்றத்தில் இருந்தாலும், "எந்த மாவட்டம்? எந்தத் தாலுகா?" என்றே தொடங்கினார். உயிருக்குத் துடிப்பவரிடம் விலாசம் விசாரிப்பது சற்று இரக்கமற்ற காரியமாகத் தோன்றக்கூடும். ஆனால் சார்ஜ் தீர்ந்தோ, சிக்னல் அறுந்தோ பேச்சு நடுவில் நின்றுவிடுமாயின், நோய் தெரிந்து ஊர் தெரியாத செய்தியால் பயன் ஏதுமில்லை. ஊர் தெரிந்து நோய் தெரியாவிட்டாலோ வண்டியை அனுப்பிவிடலாம். புதூர் என்றும், புதுப்பட்டி என்றும், நல்லூர் என்றும் பெயர்கொண்ட ஊர்கள் நம் மாநிலத்தில் எத்தனையோ இருக்க, அழைப்பவரின் மனத்தில் இருப்பது ஒரே ஒரு புதூர்தான். "பக்கத்துல கோயில் இருக்குதாம்மா? ரேஷன் கடை, தண்ணித் தொட்டி ஏதாவது?" என்று அந்தப் பெண்மணி குரல் உயராமல் கேட்டுக் கேட்டு, தாம் ஒருநாளும் கண்டிராத ஒரு தெருவைத் தம் மனத்தில் அமைத்துக்கொண்ட சாமர்த்தியம் என்னை வியக்க வைத்தது.

பேசுகிறவரின் இடத்தைக் கைப்பேசிக் கோபுரமே அறிவித்துவிடாதா என்று, வானொலி அலைகளைக் கற்றுணர்ந்த பொறியாளர் ஒருவரிடம் பிறகு வினவினேன். ஒரு கோபுரத்தின் அலைவாங்கிகள் பொதுவாக மூன்று திசைகளை நோக்கி, ஒவ்வொன்றும் 120 பாகை அளவில் பரப்பைக் காவல்கொண்டிருப்பதால், அழைப்பு எந்த முகத்தில் வந்ததென்று அறிந்து திசையை ஊகிக்கலாம் என்றும், பழைய ஜி.எஸ்.எம். முறையில் சமிக்ஞை வந்து சேரும் தாமதத்தைக் கொண்டு தூரத்தை ஏறக்குறைய 550 மீட்டர் படிகளாக, 35 கிலோமீட்டர் வரையில் கணிக்கலாம் என்றும் அவர் விளக்கினார். நகரத்தில் கோபுரங்கள் நெருங்கி நிற்பதால் இதுவே ஓரளவு போதும்; கிராமப்புறத்திலோ முறம் போல் விரிந்த அந்தப் பரப்புக்குள் பல குக்கிராமங்கள் அடங்கிவிடும். மாநில எல்லையோரங்களில் அண்டை மாநிலத்துக் கோபுரமே அழைப்பைப் பற்றிக்கொள்வதும் உண்டு.

இக்குறையைத் தீர்க்க வந்தவை, பூமிக்கு 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள். குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், திறந்த வெளியில் நிற்பவரின் ஸ்தானம் சில மீட்டர் வித்தியாசத்தில் புலப்படும். பிரிட்டனில் 2014-ல் தோன்றிய ஒரு முறையில், அவசர எண்ணை அழைத்த மாத்திரத்தில் கைப்பேசி தானாகவே தன் இடத்தைக் கணித்து, அழைத்தவர் ஒன்றும் செய்யாமலே, குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுகிறது. மெச்சத்தக்க ஏற்பாடு இது. ஆயினும் கான்கிரீட் மாடிக் குடியிருப்புக்குள் அச்சமிக்ஞை நலிந்துபோகிறது. கட்டடம் தெரிந்தாலும் எத்தனையாவது மாடி என்பது தெரிவதில்லை.

இவை யாவற்றையும்விட முக்கியமான சங்கதி ஒன்றை அந்த அறையில் அறிந்துகொண்டேன். யந்திரம் தேடிக் கண்டுபிடிப்பது கைப்பேசியை. ஊழியர் தேடுவதோ நோயாளியை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் மயங்கி விழுந்த தாய்க்காகச் சென்னையிலிருக்கும் மகன் அழைக்கிறான் என்றால், கைப்பேசி தன் இடத்தை எவ்வளவு நுட்பமாகச் சொன்னாலும் அது அந்தத் தாயிடம் கொண்டுசேர்க்காது. அண்டை வீட்டாரின் எண்ணை அந்த மகனிடம் கேட்டு வாங்கும் பொறுமைதான் அங்கே வழிகாட்டுகிறது.

நெடுஞ்சாலை விபத்துகளில் இச்சிக்கல் இன்னும் கடினமானது என்றார் அந்தப் பெண்மணி. கவிழ்ந்து கிடக்கும் வாகனத்தைப் பேருந்திலிருந்து கண்ட பிரயாணி, மனம் பதைத்து எண்ணை அழுத்தி, இணைப்புக் கிடைத்துப் பேசத் தொடங்குமுன் பேருந்து சில கிலோமீட்டர் கடந்துவிடுகிறது. ஆகவே, "எங்கிருந்து பேசறீங்க?" என்று கேட்டதோடு நில்லாமல், "நீங்க எந்த ஊருக்குப் போறீங்க, சார்? விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியாச்சா? பார்த்து எத்தனை நிமிஷம் ஆச்சு? உங்க பக்கத்து ரோட்டிலயா, எதிர்ப்பக்கமா?" என்று விசாரித்து, காலத்தைத் தூரமாக மாற்றிப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். அந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடக் கூடாது என்பதற்கான காரணத்தை, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் எனக்கு விவரித்தார்: நால்வழிச் சாலையில் எதிர்ப்பக்கத்தில் சென்றுவிட்டால், காயமுற்றவர் கண்ணெதிரே கிடந்தாலும், நடுத்தடுப்பு திறந்திருக்கும் அடுத்த இடம் வரையில் ஓடித்தான் திரும்ப வேண்டும், அந்த இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பது சாலைக்குச் சாலை வேறுபடும்.