டோர் நம்பர் டி.என். 39!

என் வீட்டுக்குப் பின்னால் நின்று யாராவது ஹாரன் அடித்தால் எனக்குக் கோபமே வராது. தப்பு என் மேல்தான் இருக்கும். சிக்னலில் பச்சை விழுந்து அரை நிமிஷம் ஆகியும் என் வீடு நகராமல் நிற்கும்!

புரியவில்லையா? 2024-ம் வருஷம் மார்ச் 16-ம் தேதியிலிருந்து முப்பத்தைந்து நாள் நான் திருப்பூரில் ஒரு மாருதி ஆம்னி வேனில் குடியிருந்தேன். இரண்டு ராத்திரி ஊட்டிக்கு டூர் போன கதை இல்லை ஸார். சாப்பாடு, தூக்கம், சவரம், கட்டுரை எழுதுவது, காய்ச்சலில் படுத்தது... எல்லாம் அதற்குள்தான்.

ஏன் இந்த விபரீத ஆசை? பி.காம். படித்த திமிர், வேறென்ன! காதர்பேட்டைப் பக்கம் ஒரு ரூமில் இருந்தேன். ஓனர் ஒரு நல்ல நாள் பார்த்து, வாடகையை ஆயிரம் ரூபாய் ஏற்றி 7,500 என்றார். உடனே ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் வாடகை, கரண்ட், தண்ணீர். வலது பக்கம் ஆம்னி. பத்திரிகைக்கு எழுதி வருகிற காசு டீ, போண்டாவுக்குத்தான் சரியாக இருக்கும். அதனால் பனியன் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் சாம்பிள் பீஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற பார்ட் டைம் வேலையும் உண்டு. அதற்காக வாங்கிய பழைய ஆம்னி அது. ராத்திரியில் சும்மாதானே நிற்கிறது?

போதாக்குறைக்கு, செல்போனில் தினமும் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. வேன் கதவைத் திறந்தால் அவர்களுக்குக் கடல் தெரியும், பனிமலை தெரியும். எனக்கு நொய்யல் தெரியும். அதுவும் மார்ச் மாதத்து நொய்யல்!

வேனில் குடியிருப்பது அவர்களுக்குப் புதிது இல்லை. ஜெர்மனியில் 1950-லேயே ஃபோக்ஸ்வேகன் வேன் வந்து, அதில் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பக்கத்தில் கேரளாவில் 2021-ல் அரசாங்கமே கேரவன் டூரிசம் என்று ஆரம்பித்தது. நமக்குக் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் ஹீரோயின் ஏறி உட்காருகிற வண்டி. ஆம்னி என்றால் அதே ஹீரோயினை வில்லன் கடத்திக்கொண்டு போகிற வண்டி. என் தகுதிக்கு இரண்டாவதுதான் கிடைத்தது.

1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் ஊருக்குள் வந்து, 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. நீளம் பதினொரு அடி. அகலம் நாலரை அடிக்குக் கொஞ்சம் மேலே. நான் ஐந்தடி எட்டங்குலம். குறுக்கே படுத்தால் முழங்கால் வாய்க்கு வரும். நீளவாக்கில் படுத்தால் முன் ஸீட்டின் முதுகு இடிக்கும். அந்த ஸீட்டுக்குக் கீழேதான் இன்ஜின். பகல் பூராவும் ஓட்டிவிட்டு வந்தால் ராத்திரி பதினொரு மணி வரை தோசைக்கல் மாதிரி கொதிக்கும். பின் ஸீட்டைக் கழற்றிவிட்டுப் பிளைவுட் பலகையைத் தூக்கி வைத்தேன். ஒரு போல்ட் கூட முடுக்கவில்லை. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு சொல்கிறது. அதனால் அது கட்டில் அல்ல, லக்கேஜ் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்! மெத்தைக்குத் திருப்பூரில் பஞ்சமா? சாக்குப் பையில் பனியன் வேஸ்ட். நடுராத்திரியில் ஏதோ ஐரோப்பியக் கம்பெனி லேபிள் ஒன்று கன்னத்தில் குத்தும்.

நான் 'பால் காய்ச்சிய' அன்றுதான் எலெக்‌ஷன் தேதியை அறிவித்தார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும். பறக்கும் படைக்கு ஆம்னியைப் பார்த்தால் விடுவார்களா? அவிநாசி ரோட்டில் ஒரு நாள் மடக்கினார்கள்.

"தம்பி, பின் கதவைத் தொறங்க."

திறந்தேன். அரிசி டப்பா, அடுப்பு, தலையணை, கொடியில் தொங்கிய என் உள்ளாடைகள்.

"என்னப்பா இது?"

"நான் இங்கதான் குடியிருக்கேன் ஸார்."

"அட்ரஸ் சொல்லு."

"டி.என். 39..." என்று வண்டி நம்பரை ஒப்பித்தேன்.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையணையை அமுக்கிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுப் பெரிய கட்டாக ஒன்றை உருவினார். பச்சைக் கலர் காலர் துணி. "போப்பா, போ" என்று அவர் சொன்ன குரலில் இருந்த இரக்கத்தை என் சொந்தக்காரர்கள் கூட எனக்குக் காட்டியதில்லை.

மற்றச் சங்கடங்களைச் சொன்னால் நாலு வாரத் தொடர் ஆகும். காலைக்கடனுக்குப் பெட்ரோல் பங்க், குளியலுக்குப் பஸ் ஸ்டாண்ட் கட்டணக் குளியலறை. கல்யாண புரோக்கர் ஒருவர் போனில் "மாப்பிள்ளைக்குச் சொந்த வீடா, வாடகையா?" என்றார். "சொந்தந்தாங்க. எஃப்.சி. கூடக் கரெக்ட்டா இருக்கு" என்றேன். அப்புறம் அவர் கூப்பிடவே இல்லை.

முப்பது நாள் முடிந்ததும் கணக்குப் பார்த்தேன். மிச்சம்: வாடகை 7,500. செலவு: ஓட்டல், குளியல், இடம் மாற்றி மாற்றி நிறுத்தப் பெட்ரோல், காய்ச்சலுக்கு டாக்டர், எல்லாம் சேர்த்து 9,140. ஆக, வீடில்லாமல் இருந்ததற்கு நஷ்டம் 1,640 ரூபாய். பி.காம்.!

ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு. வண்டி நம்பருக்கு ஓட்டர் லிஸ்ட்டில் இடம் கொடுப்பதில்லையாம். என் ஓட்டு திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் கிராமத்தில் இருக்கிறது. ஆம்னியிலேயே போனேன். நான் ரூமைக் காலி செய்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. வாசலில் நிறுத்திவிட்டு அம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே பின் கதவு திறக்கிற சத்தம். அப்பா!

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் போர்வெல் வண்டி டிரைவர். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: ரிக் பொருத்திய லாரி ஒன்று, ராடு, டீசல், அரிசி மூட்டை, ஆள்கள் எல்லாம் ஏறிய லாரி இன்னொன்று. இரண்டும் ஜோடியாகக் கிளம்பி ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போகும். ஊர் ஊராகத் துளை போடும். மாசக்கணக்கில் அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. மழை பிடித்தால்தான் தொழில் படுக்கும், வண்டி ஊர் திரும்பும். எங்கள் தெருவில் எல்லோரும் வெள்ளாமைக்காக மழை வேண்டுவார்கள். நானும் தங்கையும் அப்பாவுக்காக வேண்டினோம். மழை வந்தால் அப்பா வருவார். வந்தால் ஒரம்பரை மாதிரி கூச்சத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பேய் பிடித்துவிட்டதோ என்று சின்ன வயதில் பயந்திருக்கிறேன்.

அவர் ஆம்னிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையைத் தட்டினார். மெத்தையை அமுக்கினார்.

"எத்தனை நாளாச்சு கண்ணு?"

"முப்பத்தஞ்சு நாளுங்ப்பா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"தலைய இன்ஜின் பக்கம் வெக்காதே, சூடு ஏறும். காலை வெய்யி. கண்ணாடிய ரெண்டு பக்கமும் எதிரெதிரா ரெண்டு வெரக்கடை எறக்கு, காத்து ஓடும். செருப்பை உள்ள போட்டுக்க, நாய் தூக்கிட்டுப் போயிரும். டேங்க் மூடி செவுத்துப் பக்கம் இருக்கற மாதிரி நிறுத்தோணும். இல்லாட்டி விடியறதுக்குள்ள எண்ணெய் இருக்காது. ரெண்டு மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு வண்டியச் சுத்தி வந்துரோணும்."

ரெண்டு மணி! அந்தப் பேய் இதுதான் என்று எனக்கு விளங்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

"நீங்க எத்தனை வருஷம்ப்பா வண்டியில படுத்தீங்க?"

விரல் விட்டு எண்ணினார். "இருவத்தெட்டு."

மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே சட்டம் வந்தாயிற்று. 2025 முதல் புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்றும் ஆகிவிட்டது. நல்லதுதான். அப்பா ஓட்டிய காலத்தில் ஏ.சி. என்பது ஈரத்துண்டு. வேனில் வாழ்வது சுதந்திரம் என்று வீடியோவில் சொன்ன அமெரிக்காவிலேயே 2008 பண நெருக்கடிக்குப் பின் வீட்டை இழந்த வயதானவர்கள் வேனில் படுத்துக்கொண்டு கிடங்குகளில் கூலி வேலை பார்த்தார்கள். அவர்களைப் பற்றி 2017-ல் 'நோமேட்லேண்ட்' என்று புத்தகம் வந்து, படமாகி, 2021-ல் ஆஸ்காரும் வாங்கியது. பெருமாநல்லூர் பைபாஸில் வரிசையாக நிற்கிற லாரிகளைத் தினமும் பார்த்தவன்தான் நான். முப்பத்தைந்து நாளும் அவற்றுக்குப் பக்கத்தில்தான் படுத்தேன். கேபினுக்குள் படுத்திருப்பது யாரோ ஒரு பையனுடைய அப்பா என்று ஒரு நாள் கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு ராத்திரி அப்பா, "உள்ள புழுக்கமா இருக்குது" என்று சொல்லிவிட்டு ஆம்னியில் போய்ப் படுத்தார். வீட்டில் ஃபேன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் திண்ணையில் படுத்தேன். இரண்டு மணிக்கு அவர் எழுந்திருப்பார் என்று விழித்துக் காத்திருந்தேன். எழவே இல்லை. குறட்டை வாசல் வரைக்கும் கேட்டது.

காலையில் பல் விளக்கும்போது சொன்னார்: "நல்லாத்தான் இருக்குது உன்ற வண்டி. ஆனா ஒண்ணு கண்ணு... நான் இருவத்தெட்டு வருசம் வண்டியில படுத்து இந்த வூட்டைக் கட்டுனேன். நீ வண்டியில படுக்கறயே, உங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இடது பக்கத்திலும் எழுத முடியவில்லை, வலது பக்கத்திலும் எழுத முடியவில்லை.

மறுவாரமே பழைய ஓனரிடம் போய் நின்றேன். ரூம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. வாடகைதான் 8,000 ஆகியிருந்தது!

இப்போது சனிக்கிழமை சம்பளம், டெலிவரி எல்லாம் முடிந்ததும் ஆம்னியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறேன். டேங்க் மூடி சுவர்ப் பக்கம் இருக்கும்படி நிறுத்துகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்கும். அப்புறம் 'டொக்... டொக்...' என்று நாலு தடவை. டயரில் காற்று இருக்கிறதா என்று அப்பா தட்டிப் பார்க்கிறார்.

நாலும் தட்டி முடிகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.