ஆஷாட மருதாணி

ஆஷாட மாதம் பிறந்தால் சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் மருதாணி அரைத்தாக வேண்டும். வழக்கப்படி புதுப்பெண் அந்த மாதம் அம்மா வீட்டில். வேலையில்லாத கைதானே, சிவக்கட்டும்! கூம்பில் இழுக்கும் கொடியும் மயிலும் கல்யாண மண்டபத்துக்குச் சரி. எனக்கு உள்ளங்கை நடுவே ஒரு வட்டம், சுற்றிலும் பொட்டு, விரல் நுனிக்குத் தொப்பி, அவ்வளவு போதும்.

இலையில் உள்ள லாசோன் என்ற நிறமி, தோலின் கெரட்டின் என்ற புரதத்தோடு பிணைந்து நிறம் தருகிறது. உதிர்த்ததும் ஆரஞ்சு, ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பு. சட்டென்று கறுக்கும் ‘கறுப்பு மருதாணி’யில் பெரும்பாலும் பிபிடி என்ற தலைச்சாய ரசாயனம் இருக்கும். கொப்புளம் போட்டுத் தழும்பும் விடலாம். பிள்ளைகள் கையில் வைக்காதீர்கள்.

அலங்காரம் பெண்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் மே மாதம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்கு வரலாம். ஆண்களே சேலை கட்டி, நகை பூட்டி நேர்த்திக்கடன் தீர்ப்பார்கள்.