பைரன் பிரபுவின் மனைவி

ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கவி பைரன் பிரபுவின்மீது எனக்கிருந்த மோகம் கொஞ்சநஞ்சமன்று. 1816 ஆம் ஆண்டில் தம் மனைவியைப் பிரிந்தபோது அவர் எழுதிய பிரியாவிடைப் பாட்டை நெட்டுருச் செய்து, பள்ளியின் ஆண்டு விழாவில் மேடையேறிச் சொல்லிப் பரிசும் பெற்றேன். சொல்லி முடித்தபோது என் கண்கள் கலங்கியிருந்தன. இத்துணை அன்புடைய கணவனை உதறிச் சென்ற ஸ்திரீ எத்தகைய கல்நெஞ்சக்காரியோ என்று எண்ணினேன். அவருடைய பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணியான பின்பு, இரவில் கிடைக்கும் ஓய்வில் பழைய புத்தகங்களைப் புரட்டுவது என் வழக்கமாயிற்று. அவ்வாறுதான் அந்த அம்மையாரின் வரலாறு என் கைக்கு வந்தது. அதைப் படித்தபின் என் பரிசை நினைத்து வெட்கமுற்றேன். ஏன் என்பதை நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

அவர் பெயர் ஆன் இசபெல்லா மில்பாங்க்; வீட்டார் அனபெல்லா என்று அழைத்தனர். 1792 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் தேதி, செல்வமும் குலப்பெருமையும் மிக்க குடும்பத்தில் ஒரே குழந்தையாகப் பிறந்தார். பெண்களுக்குத் தையலும் சங்கீதமும் போதும் என்றிருந்த அக்காலத்தில், கணிதத்தையும் வானநூலையும் ஆர்வத்தோடு கற்றார். அந்தக் கணிதப் பித்தைக் கேலி செய்து, 'இணைகரங்களின் இளவரசி' என்று பைரன் பட்டம் சூட்டினார்.

1812 ஆம் ஆண்டில் பைரன் புகழின் உச்சியில் இருந்தார். அவர் வரும் விருந்துகளுக்கு லண்டன் மாநகரத்துப் பிரபுக்களின் மனைவியரும் மகளிரும் போட்டியிட்டுக்கொண்டு சென்றனர். அவ்வாண்டே அவர் அனபெல்லாவின் அத்தை மூலமாக மணம் பேசினார். அம்மையார் மறுத்துவிட்டார். அம்மறுப்போடு நின்றிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். ஆனால் கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. கெட்டுப்போகும் ஓர் உயர்ந்த ஆத்மாவைத் தம் அன்பினால் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை அவர் உள்ளத்தில் வேர் ஊன்றியது. 1814 ஆம் ஆண்டு செப்டம்பரில் பைரன் மீண்டும் கேட்டபோது, உடன்பட்டார். 1815 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் தேதி, சீஹாம் என்னும் ஊரில், பெண்ணின் தந்தையார் மாளிகைக் கூடத்திலேயே விவாகம் நடந்தது.

ஒருவரைத் திருத்துவதற்காக மணந்துகொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதை அவர் சில நாட்களிலேயே உணர்ந்தார். மணநாளன்று வண்டியில் செல்லும்போதே கணவர் கடுமொழி பேசத் தொடங்கினார் என்று அம்மையார் பின்னர் எழுதி வைத்திருக்கிறார். லண்டனில் ஆண்டுக்கு 700 பவுன் வாடகையில் ஒரு பெரிய வீட்டை எடுத்துக் குடியேறினர். பைரனுக்கோ கழுத்துமட்டும் கடன். பிரபுவுக்குப் பணக்காரப் பெண் வாய்த்தாள் என்றதும் கடன்காரர்கள் மொய்த்துக்கொண்டனர். நவம்பர் மாதத்தில் கோர்ட்டுச் சேவகன் ஜப்திக்காக வீட்டினுள்ளேயே வந்து அமர்ந்துகொண்டான். கர்ப்பிணியாயிருந்த மனைவியின் முன்னே கணவர் குடிப்பதும், கூச்சலிடுவதும், பொருள்களை உடைப்பதும் வழக்கமாயிற்று. தம் மாற்றாந்தாய் மகளான அகஸ்டாவோடு அவருக்கிருந்த உறவைப்பற்றி, எந்த மனைவியும் கேட்கச் சகியாத பேச்சுக்களையும் ஜாடையாகப் பேசி வருத்தினார். அந்த அகஸ்டாவே அதே வீட்டில் தங்கி, அம்மையாருக்குத் துணையாகவும் இருந்தார் என்பது இக்கதையின் விந்தைகளுள் ஒன்று.

டிசம்பர் 10 ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. ஜனவரி 6 ஆம் தேதி, வீட்டைவிட்டு விரைவில் புறப்படுமாறு கணவர் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். ஒரே வீட்டில் வாழும் மனைவிக்குச் சீட்டு! 15 ஆம் தேதி விடியற்காலையில், ஐந்து வாரக் குழந்தையோடு அம்மையார் பெற்றோரிடம் புறப்பட்டார். அதன்பின் கணவன் மனைவி இருவரும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. வழியிலிருந்தும் தந்தையார் வீட்டிலிருந்தும் கணவருக்கு அன்பொழுகும் இரண்டு கடிதங்களை அம்மையார் எழுதினார். கணவருக்குச் சித்தப்பிரமை என்று அவர் அஞ்சியிருந்தார். அத்தகையவரிடம் சாந்தமாகவே பேசவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பிரமையில்லை, தெளிந்த புத்தியோடுதான் இவ்வளவும் செய்தார் என்று தெரிந்தபின்னரே பிரிவினை கேட்டார். உலகமோ அந்தக் கடிதங்களையே அவருக்கு எதிரான சாட்சியாக்கிற்று. நேற்று அன்போடு எழுதியவள் இன்று பிரிகிறாள் என்றால் நெஞ்சில் வஞ்சகம் என்று பேசினார்கள்.

அக்காலத்து இங்கிலீஷ் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்தில்லை. பெற்ற பிள்ளையும் தந்தைக்கே உரியது. தாய்க்குச் சிறிதளவு உரிமை கொடுக்கும் சட்டம் 1839 ஆம் ஆண்டில்தான் வந்தது. அதிலும் குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்கும் உரிமை ஏழு வயது வரைக்கும்தான். பார்லிமெண்டில் தனிச்சட்டம் செய்தாலன்றி விவாகரத்துப் பெறும் வழி 1857 வரையில் இல்லை. அதன் பின்னரும், கணவன் செய்த விபசாரம் மட்டும் மனைவிக்குப் போதிய காரணமாகாது என்ற ஓரவஞ்சனை 1923 வரையில் நீடித்தது. ஆகவே, தம் குழந்தையைப் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம் அம்மையாருக்கு வீண்பயமன்று. லஷிங்டன் என்னும் வக்கீலிடம் உண்மையைத் தனிமையில் சொன்னார். அதைக் கேட்டபின், இனி இருவரும் கூடி வாழ்தல் இயலாது என்று வக்கீல் உறுதியாகக் கூறிவிட்டார். ஏப்ரல் 21 ஆம் தேதி பிரிவினைப் பத்திரத்தில் பைரன் கையெழுத்திட்டார். 25 ஆம் தேதி கப்பலேறினார். உயிரோடு தாய்நாடு திரும்பவில்லை.

புகழ் பெற்ற புலவனுக்கு எதிரே ஒரு பெண் என்ன செய்ய முடியும்? பிரியாவிடைப் பாட்டு பத்திரிகையில் வெளியாகி ஊரெங்கும் பரவிற்று. 1819 ஆம் ஆண்டில் வெளிவந்த 'டான் ஜுவான்' காவியத்தில், கணிதம் கற்ற கர்வக்காரி ஒருத்தியைப் படைத்து நகைத்தார். அவள் யார் என்று எல்லோரும் அறிந்துகொண்டனர். அம்மையாரோ 1830 வரையில் அச்சில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வாண்டில் வெளியான பைரனின் சரித்திரம் தம் பெற்றோரைக் குறை கூறியதனால் மட்டுமே ஒரு சிறு மறுப்பை அச்சிட்டார்.

அவரிடம் குறையே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. தம் தீர்ப்பே சரி என்ற பிடிவாதம் அவரிடம் மிகுதி. மகள் அடாவைக் கண்டிப்புடன் வளர்த்தார். தந்தையின் படத்தைக்கூட நெடுங்காலம் அவள் கண்ணில் காட்டவில்லை. ஆனால் தந்தையின் வெறி மகளைத் தொடாதிருக்க வேண்டும் என்று அவர் ஊட்டிய கணிதமே, கணக்கிடும் இயந்திரத்தைப்பற்றி 1843 ஆம் ஆண்டில் அடா எழுதிய குறிப்புக்களாகப் பயன் தந்தது. கணினி உலகம் அப்பெண்ணை இன்றும் போற்றுகின்றது. அடா 1852 ஆம் ஆண்டில், தம் 36 ஆம் வயதில் இறந்து, தாம் அறியாத தந்தையின் அருகே அடக்கமானார்.

அம்மையார் தம் செல்வத்தைப் பொதுநன்மைக்குச் செலவிட்டார். 1834 ஆம் ஆண்டில் ஈலிங் என்னுமிடத்தில் ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளி நிறுவினார். அங்கே படிப்போடு தோட்டவேலையும் கைத்தொழிலும் கற்பித்தனர். 1840 ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய அடிமை ஒழிப்பு மாநாட்டுக்குச் சென்றார். 1860 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் தேதி காலமானார். இவற்றுள் ஒன்றும் என் பள்ளிப் புத்தகத்தில் இல்லை.

நேயர்களே! இவ்வளவையும் எழுதத் துணிந்ததற்குக் காரணம் கவிதையன்று. எனக்கு ஒரு தங்கை உண்டு. மணமாகிச் சென்றபின் மாதந்தோறும் கடிதம் எழுதுவாள். நலம், அவரும் நலம் என்றிருக்கும். ஆபீசுக் காகிதங்களைப் போலத் தேதிவாரியாக அவற்றைக் கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் கைக்குழந்தையோடு என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, இனி அங்கே போகமாட்டேன்" என்றாள். காரணம் கேட்டேன், தலைகுனிந்து நின்றாள். நான் அந்தக் கட்டை எடுத்து வந்து அவள் முன் வைத்து, "நலம் என்று நீதானே எழுதினாய்? இதற்கென்ன பதில்?" என்று கேட்டேன். கிராணிக்குக் காகிதத்தில் உள்ளதுதானே சாட்சி? மறுநாள் காலை பஸ்ஸில் நானே அவளை ஏற்றி அனுப்பினேன்.

ஓராண்டு கழித்து அவள் மீண்டும் வந்தபோது, காரணம் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவள் கையைப் பார்த்ததே போதுமாயிருந்தது. இப்போது எங்களோடுதான் இருக்கின்றாள். அக்கடிதங்களை யார் அருகில் நிற்க எழுதினாள் என்பதை ஒருநாள் தானாகவே சொன்னாள்.

கணவனை விட்டு வந்த பெண்ணைக் கண்டால் நாம் முதலில் கேட்பது, "ஏன் வந்தாய்?" என்பதே. அவள் வாய் திறவாவிட்டால் பழி அவள்மீது. திறந்தாலோ குடும்ப மானத்தைக் கெடுத்தாள் என்ற பழி. பைரன் மனைவிக்கு வக்கீல் இருந்தார், செல்வம் இருந்தது, கதவைத் திறந்து வரவேற்ற பெற்றோர் இருந்தனர். அவற்றுள் கடைசியாகச் சொன்னதையேனும் நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் கொடுக்கலாம். அதற்குச் செல்வம் வேண்டியதில்லை. நான் ஓராண்டு தாமதித்தேன். நேயர்கள் தாமதிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.