120 கிராம் பொட்டலம்

பி.டி. பருத்தி விதை வாங்கிய இந்திய விவசாயிக்குப் பல ஆண்டுகள் இரண்டு பொட்டலங்கள் சேர்த்தே தரப்பட்டன. ஒன்றில் 450 கிராம் மரபணு மாற்றிய விதை. மற்றொன்றில் 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை. பெரிய பொட்டலத்தை ஆதரித்தும் எதிர்த்தும் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. சிறியதைப் பற்றிய பேச்சு அரிது.

பெரிய பொட்டலத்தின் அறிவியல் வியப்பூட்டுவது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண் பாக்டீரியாவின் மரபணு ஒன்று, அக்ரோபாக்டீரியத்தின் வழியாக, கோக்கர் 312 என்ற அமெரிக்கப் பருத்தி வகைக்குள் செலுத்தப்பட்டது. பின்னர் இனக்கலப்பின் மூலம் இந்திய வீரிய ஒட்டு ரகங்களை அடைந்தது. செடி தானே உண்டாக்கும் அந்தப் புரதம், காய்ப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடற்சுவரில் துளையிட்டுப் புழுவைக் கொல்லும். 2002 மார்ச்சில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இதற்கு அனுமதி அளித்தது. அமெரிக்கன் காய்ப்புழு அடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அதற்கான மருந்துத் தெளிப்பும் குறைந்தது.

அனுமதியுடன் ஒரு நிபந்தனையும் இருந்தது. பரப்பில் 20 விழுக்காடு அல்லது வயலைச் சுற்றி ஐந்து வரிசை, இவற்றில் எது மிகுதியோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டும். இதற்குப் புகலிடப் பயிர் என்று பெயர். நச்சைத் தாங்கும் புழுக்கள் தொடக்கத்தில் மிக அரிதாகவே இருக்கும். புகலிடத்தில் வளர்ந்த சாதாரண அந்துப்பூச்சிகள் அவற்றோடு இணைந்தால், பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை மீண்டும் நச்சுக்குப் பலியாகும். எதிர்ப்புத்திறன் பரவுவது தள்ளிப்போகும். அதாவது, ஐந்தில் ஒரு பங்கை விவசாயி புழுவுக்கு விட்டுக்கொடுத்தால்தான் மீதி நான்கு பங்கு நீண்ட காலம் காக்கப்படும்.

பெரும்பாலான வயல்களில் அந்தச் சிறிய பொட்டலம் விதைக்கப்படவே இல்லை. ‘விவசாயிகள் விதியைப் பின்பற்றவில்லை’ என்று ஆய்வரங்குகளில் ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கம். அந்த வரி நேர்மையானதன்று. விதர்பாவில் மானாவாரியாக இரண்டு ஏக்கர் பருத்தி வைத்து, கடன் வாங்கி விதைப்பவருக்கு அந்த வரிசைகள் ஓர் ஆய்வுக் கருத்தல்ல. கண்முன்னே புழு தின்னப்போகும் சொந்த விளைச்சல். அவர் விட்டுக்கொடுப்பதன் பயன் ஊர் முழுவதற்கும் கிடைக்கும். இழப்பு அவருடையது மட்டுமே. அதற்கு ஈடாக அவருக்கு எதுவும் வழங்கப்படவில்லை.

2009 பருவத்தில் குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகட், ராஜ்கோட் மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவை வென்றிருப்பது கண்டறியப்பட்டது. 2006-இல் வந்த இரட்டை மரபணு ரகமும் அடுத்த பத்தாண்டுக்குள் அதே புழுவிடம் தோற்றது. புகலிடம் இல்லாமை மட்டுமே காரணமன்று. ஒட்டுச் செடியின் காய்க்குள் எல்லா விதைகளிலும் நச்சுப் புரதம் இராது. நீண்ட பருவமும் புழுவுக்குக் கூடுதல் தலைமுறைகளைத் தந்தது. ஆயினும் அமெரிக்காவின் அரிசோனாவில் இதே புழுவுக்கு எதிராகப் பி.டி. பருத்தியுடன் புகலிடமும், பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளும் பயன்பட்டன. அந்நாட்டின் பருத்தி வயல்களிலிருந்து இப்புழு ஒழிக்கப்பட்டதாக 2018-இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலோ தெளிப்பான் மீண்டும் விவசாயியின் முதுகில் ஏறியது.

இன்று மரபணு மாற்றிய கடுகைப் பற்றிய வழக்கும் வாதமும் நடக்கின்றன. அந்த மரபணு பாதுகாப்பானதா என்று கேட்பது அவசியம். இந்த விதை நெடுநாள் பயன்தர விவசாயி எதை விட்டுக்கொடுக்க வேண்டும், அந்த இழப்பை யார் ஏற்பார் என்பதும் அதே அளவு அவசியமான கேள்வி. பருத்தியில் அது விதைப்புக்கு முன் கேட்கப்படவில்லை. விடை மட்டும் 120 கிராம் பொட்டலமாகக் கையில் திணிக்கப்பட்டது.