கிழக்குக்கரை வழியே – 4: வயலுக்கும் கடலுக்கும் நடுவில் சாய்ந்தமருது

கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கியவுடன் ஓர் ஆட்டோக்காரர் சாய்ந்தமருதுக்கு 1,500 ரூபாய் கேட்டார். இலங்கை ரூபாய்க்கு மதிப்புக் குறைவுதான். ஆனால் கல்முனையும் சாய்ந்தமருதும் ஒரே நெடுஞ்சாலையில் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். எது எங்கே முடிகிறது என்பது கடைப் பலகைகளைப் படித்தால்தான் தெரியும். வாயைத் திறந்ததுமே நான் இந்தியாக்காரி என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், அதற்குத்தான் இந்த விலை. நாகப்பட்டினத்தில் ஏலத்தில் மீன் எடுத்து வளர்ந்தவளிடம் இது நடக்குமா? நான் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். நாலு பேர் கூடினார்கள். கூடியவர்கள் வாயே திறக்காமல் வேடிக்கை பார்த்ததில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

அப்போது கறுப்பு அபாயா அணிந்த ஓர் அம்மா, இரண்டு கையிலும் பைகளோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும். “எங்க போகணும் மகள்?” என்று கேட்டார். சொன்னேன். ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினார்.

“ஏன் மகன், நம்மட ஊருக்கு வாற விருந்தாளி. நாளைக்கு அவட ஊருல போய் நம்மளப் பத்தி என்ன சொல்லுவா?”

குரல் கொஞ்சமும் உயரவில்லை. ஆட்டோக்காரர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, “ஏறுங்க உம்மா, முந்நூறு தாங்க” என்றார். நானும் அந்த அம்மாவும் சேர்ந்தே ஏறினோம். நான் கத்திச் சாதிக்காததை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். ஊருக்குப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற அந்தக் கவலை இங்கே எல்லோரிடமும் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

அவர் வீடு கடலை நோக்கிப் போகும் குறுக்கு வீதி ஒன்றில். நன்றி சொல்லிவிட்டுத் தங்குமிடம் தேடலாம் என்றிருந்தேன். “பகல் சோத்து நேரம். இப்ப ஆரு உங்கள விடப்போற? ஊட்டுக்குள்ள வாங்க” என்று பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக எழுத எனக்கு மனமில்லை.

தரையில் பன்பாய் விரித்தார்கள். அம்மா, அவருடைய மூத்த மகள், பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த பேத்தி, நான். ஆண்களுக்கு முன்கூடத்தில் தனியாக. முதலில் நாட்டரிசிச் சோறு. சிவப்புத் தவிடு ஒட்டிய, மெல்ல வேண்டிய அரிசி. அதன்மேல் பாரை மீன் பாலாணம். மிளகாய்த்தூள் கிடையாது. பச்சைமிளகாய், வெங்காயம், மஞ்சள், கட்டித் தேங்காய்ப்பால், கடைசியில் தேசிக்காய்ப் புளி. எங்கள் ஊரில் மீன் குழம்பு என்றால் புளியும் மிளகாயும் மல்லுக்கு நிற்கும். அதே கடலின் மீன் இப்படி மென்மையாகவும் பேசும் என்று அன்றுதான் தெரிந்தது. தொட்டுக்கொள்ள முருங்கையிலைச் சுண்டல், கத்தரிக்காய்ப் பொரியல், கருவாடு. இடையில் புளியாணத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள். போதும் என்று கையை மறித்தால் விரலிடுக்கு வழியாகவே சோறு விழுந்தது.

“கொஞ்சமாத்தான் போட்டன் அக்கா” என்று மகள் சொன்னது மூன்றாவது அகப்பைக்கு.

முடிந்தது என்று நினைத்தபோது எருமைத் தயிர் வந்தது. மண்சட்டியைச் சாய்த்துக் காட்டினார் அம்மா; தயிர் அசையவில்லை. சோற்றில் அதை வெட்டிப் போட்டு, வாழைப்பழத்தைப் பிசைந்து, சீனி தூவிச் சாப்பிட வேண்டும். தயிர்ச்சோற்றுக்கு மாவடு தேடும் காவிரிப் பிள்ளையான எனக்கு முதல் கவளம் தயக்கம்தான். இரண்டாவது கவளத்தில் தயக்கம் போய்விட்டது. ஊர் திரும்பியும் வீட்டில் அப்படித்தான் சாப்பிடுகிறேன். என் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்.

வீட்டின் சுத்தத்தைச் சொல்லியாக வேண்டும். தரை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்திருந்தது. கழுவிய பாத்திரங்கள் ஈரமில்லாமல் கவிழ்ந்திருந்தன. “அழகான வீடு உங்களுக்கு” என்றேன் அம்மாவிடம்.

“எனக்கெங்க? இது இவட ஊடு” என்று மகளைக் காட்டினார். அவரும் கணவரும் இருப்பது பின்வளவில் உள்ள சின்னக் கட்டடத்தில். மகளுக்குக் கல்யாணம் நடந்த அன்றே வீடு அவள் பெயருக்கு மாறிவிட்டது. மாப்பிள்ளைதான் இங்கே வந்து குடியேறியிருக்கிறார். இரண்டாவது மகளுக்கு அடுத்த வீதியில் வீடு. மூன்றாவது மகளுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இது இந்த ஒரு வீட்டின் வழக்கமில்லை, கரை முழுவதற்கும் பொது. முஸ்லிம்களும் இந்துக்களும் இங்கே தாய்வழிக் குடி பார்க்கிறவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும், வீடு மகளுக்குப் போகும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே தெற்கே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்து, 2008இல் வெளியான பெரிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருக்கும் மரபும் இதையொட்டி வந்ததே.

கல்யாணமான பெண்ணை ‘வெளியே போ’ என்று சொல்ல முடியாத ஊர்! எங்கள் பக்கத்தில் நகையும் ரொக்கமும் பெண்ணோடு புறப்பட்டு வேறொரு வீட்டுப் பீரோவுக்குள் போய்விடும். அவளுக்குச் சண்டையில் நிற்க ஓர் அடி நிலம் இருக்காது. இங்கே சமையலறையும் கிணற்றடியும் அவளுடையவை, கூப்பிடு தூரத்தில் தாய். மகள் என்னிடம் பேசிய தோரணையிலேயே அந்த உறுதி இருந்தது. ஆனால் விலையையும் சொல்ல வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு துண்டுக் கரை; பேர்ச் கணக்கில் நிலம் வாங்குவது குதிரைக்கொம்பு. ஒரே மகன் கத்தாரில் இருக்கிறான். தங்கைகளின் சுவர்கள் அவன் சம்பளத்தில்தான் எழுகின்றன. “அவனுக்கு இன்னும் கல்யாணம் பேசல்ல” என்று அம்மா சொன்னபோது மட்டும் குரல் இறங்கியது.

நான் நாகூருக்குப் பக்கத்து ஊர் என்று தெரிந்ததும் வீடே பரபரத்தது. “அப்ப நீங்க கடற்கரைப் பள்ளிக்கு வரத்தான் வேணும்.” மாலையில் அழைத்துப் போனார்கள். கல்முனைக்குடிக் கடற்கரையில், மணலை ஒட்டி, சாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் எழுந்த வெள்ளைத் தர்கா. நாயகம் அடங்கியிருப்பது எங்கள் நாகூரில். இங்கே இருப்பது அவர் நினைவு. அங்கே கந்தூரி நடக்கும் அதே ஜமாதுல் ஆகிர் மாதத்தில் இங்கேயும் கொடி ஏறுகிறது. நாகூரின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்த 131 அடி மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்று சொன்னேன். பேத்தி, “இந்து ராசாவா?” என்று இரண்டு தரம் கேட்டாள்.

அந்த மணலில் உட்கார்ந்துதான் சுனாமி பற்றிப் பேச்சு வந்தது. “நீங்களும் கடலப் பாத்தீங்களா?” என்றார் அம்மா. பார்த்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேல், அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேல். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆக அதிகம் இழந்தவை இந்த இரண்டு மாவட்டங்கள்தான். அவர் தன் தங்கையையும் அவள் பிள்ளைகளையும் இழந்தவர். என்னிடம் எந்த ஆறுதல் வார்த்தையும் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் தெருவில் யார் யார் போனார்கள் என்று கேட்டார். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன்.

சுனாமிக்குப் பிறகு வெனிசுவேலா நாட்டு உதவியில் இங்கே ஒரு குடியிருப்பு எழுந்தது. சிமோன் பொலிவாரின் நினைவாக அதற்கு வொலிவேரியன் கிராமம் என்று பெயர். உலகம் இந்த ஊரின் பெயரைக் கேட்டது அந்தப் பக்கத்தில் நடந்த ஒன்றால்தான். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் கும்பலைச் சேர்ந்த சிலர் குடும்பத்தோடு அங்கே வாடகை வீட்டில் ஒளிந்திருந்தார்கள். ஏப்ரல் 26 இரவு துப்பாக்கிச் சண்டையிலும் வெடிப்பிலும் குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். புதிதாக வந்தவர்கள் மேல் ஐயப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அதற்குப் பிறகும் வெளியூர் போனால் ‘சாய்ந்தமருதா?’ என்று ஒரு மாதிரிப் பார்க்கிறார்களாம். பஸ் நிலையத்தில் அம்மா கேட்ட கேள்வியின் கனம் எனக்கு அப்போது புரிந்தது. தன் பிள்ளைகள் உயிருக்குத் துணிந்து கொடுத்த தகவலை மறந்து, ஊரின் பெயரை மட்டும் குற்றத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பது அநியாயம்.

மறுநாள் காலை அம்மாவின் கணவர் கரைவாகு வட்டைக்கு அழைத்துப் போனார். மகளும் துணைக்கு வந்தாள். சிறுபோக வெட்டு நடந்துகொண்டிருந்தது. கச்சான் காற்று முகத்தில் சூடாக அடித்தது. ஒரு காலத்தில் களவெட்டியில் மாடு பூட்டிச் சூடு மிதித்த வேலையை இப்போது வெட்டுமெசின் ஒரே ஓட்டத்தில் முடிக்கிறது. நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைக்கிறார்கள், எங்கள் ஊரைப் போலவே.

தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். மேற்கே மலையடிவாரத்திலிருந்து வரும் பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரத்தில் நீரைத் தேக்கினார்கள். அதற்கு முன் மழையும் வெள்ளமும் விட்ட வழி. அணை வந்து போகம் உறுதியானது. கூடவே குடியேற்றங்களும், 1956இல் கல்லோயாக் கலவரமும் வந்தன. வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் கடைசியில்தான். காவிரிக் கடைமடையில் பிறந்த எனக்கு அதைப் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

“வெட்டுற நேரம் வெல விழும், வித்து முடிஞ்சா ஏறும்” என்றார் பெரியவர். நெல் ஆலைக்குப் போய், ஆலைக்காரர் பெயர் அச்சடித்த மூட்டையில் ஏறி, கொழும்புக் கடைகளில் கலந்துவிடுகிறது. சாப்பிடுகிறவருக்குக் கரைவாகு என்ற சொல்லே தெரியாது. விளைச்சலோடு ஊர்ப்பெயரும் சேர்ந்து போகிற இடங்கள் உண்டு. பிரான்சில் கரோன் ஆற்றங்கரையில் உள்ள போர்தோ திராட்சை நாட்டு ஊர். அதன் பெயர் உலகக் கடைகளிலெல்லாம் வைன் போத்தலின் மேல் நிற்கிறது. எந்த மண்ணில் விளைந்ததோ அந்தப் பெயரைப் பிறர் களவாடக் கூடாது என்று அவர்கள் 1935இல் சட்டமே போட்டுவிட்டார்கள். இந்தக் களிமண்ணும் இந்த ஆறும் அதற்குக் குறைந்தவையா? அந்தச் சிவப்பரிசியைச் சாப்பிட்டவள் கேட்கிறேன்.

திரும்பும் வழியில் தோணாவைப் பார்த்தேன், உற்சாகமெல்லாம் வடிந்துவிட்டது. வயலின் வடிநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் நீரோடை அது. மழைக்காலத்தில் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால்தான் ஊர் மூழ்காமல் தப்பும். இப்போது வாய் மூடி, பச்சையாகத் தேங்கி, பிளாஸ்டிக் பைகளும் கோழிக் கழிவும் மிதக்க, மூக்கைப் பொத்தாமல் பாலத்தைக் கடக்க முடியவில்லை. முகம் தெரிகிறாற்போல் தரையைத் துடைக்கிற ஊர் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறது? வீட்டு வாசலோடு சுத்தம் முடிந்துவிடுகிறது. என் ஊரின் வாய்க்கால்களும் இப்படித்தான் கிடக்கின்றன, அங்கேயும் இதே கோபம்தான் எனக்கு.

“எங்களுக்கெண்டு ஒரு சபை இருந்தாச் செய்வம்” என்றார் பெரியவர். கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தனிச் சபை வேண்டும் என்பது ஊரின் பழைய கோரிக்கை. 2017இல் கடைகளை அடைத்துப் போராடினார்கள். 2020 பிப்ரவரியில் தனி நகர சபைக்கு வர்த்தமானி அறிவித்தலும் வந்து, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அவர்கள் ஏமாற்றம் நியாயமானது. ஆனாலும் கோழிக் கழிவுப் பையைத் தோணாவில் எறியாமல் இருக்க வர்த்தமானி எதற்கு? பெரியவரிடமே கேட்டேன். “அதுவும் சரிதான் மகள்” என்றார்.

பிறகு வெயிலில் அலைந்ததெல்லாம் எழுதும்படி இல்லை. காரைதீவு முச்சந்தியில் விபுலானந்த அடிகளின் சிலையைப் பார்த்தேன். 1892இல் அவர் பிறந்தது அந்த ஊரில். அக்கரைப்பற்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை, பாட்டுச் சத்தத்தில் காது அடைத்தது. அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதியை நிந்தவூர் தாண்டுவதற்குள் பிரித்துவிட்டேன். அடுத்த வாரம் அக்கரைப்பற்று.