கடல் கடந்து வந்த கதவுகள்

கோவளம் செல்வோர் பெரும்பாலும் தமீமுன் அன்சாரி (ரலி) தர்காவில் ஸியாரத் செய்துவிட்டு மாமல்லபுரம் நோக்கிப் புறப்பட்டுவிடுவர். நவாபுகள் காலத்துக் கோட்டையை 1752இல் கிளைவ் தகர்த்தார். இன்று அவ்விடத்தில் நட்சத்திர ஓட்டல். ஆனால் சற்று வடக்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவை அவசியம் காண வேண்டும். இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வீட்டின் தூண்களின் முன் நின்றால், நம் காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளின் தலைவாசல் நினைவுக்கு வரும். அக்காலத்து வணிகர் வீடுகள் பலவற்றுக்கும் மரம் வந்தது பர்மாவிலிருந்து.

தேக்கை அரபியர் 'ஸாஜ்' என்பர். பத்தாம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் சீராஃப் துறைமுகத்தில் மாடி வீடுகளுக்கே இம்மரம் பயன்பட்டது. கரையானுக்கும் உப்புநீருக்கும் அசையாதது. மரத்திலுள்ள எண்ணெய் இரும்பாணியையும் துருவிலிருந்து காக்கும். பம்பாயில் 1817இல் மலபார்த் தேக்கால் கட்டிய 'திரிகோணமலை' என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது!

வெட்டி வெட்டி மலபார்க் காடு மெலிந்தது. 1840களில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வளர்த்தனர். தேக்கு முதிர ஆண்டுகள் பல வேண்டும். ஆங்கிலேயருக்கோ அத்தனை பொறுமை இல்லை. 1826, 1852, 1885 என மூன்று போர்களில் பர்மா முழுவதையும் விழுங்கினர். கடைசிப் போருக்குச் சாக்கானதே, மரக்கணக்கைக் குறைத்துக் காட்டியதாகப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு மன்னர் தீபா விதித்த அபராதம்தான்.

அங்கே மரம் வெட்டும் முறை வியப்புக்குரியது. பச்சைத் தேக்கு நீரில் அமிழும். ஆகவே பட்டையைச் சுற்றிலும் ஆழமாகச் செதுக்கி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவர். பின்பு வீழ்த்தி, யானைகளால் ஓடைக்கு இழுப்பர். மழைவெள்ளம் அதை ஆற்றில் சேர்க்கும். தெப்பமாகக் கட்டப்பட்டு ரங்கூன் மரஅறுவை ஆலைகளை அடையும்.

அந்த ரங்கூனில் நம்மவர் கடை வைத்தனர், பள்ளிவாசல் எழுப்பினர். 1942இல் ஜப்பானியர் நுழைந்ததும் பலர் காடும் மலையும் கடந்து வெறுங்கையோடு திரும்பினர். அவர்கள் முன்னரே அனுப்பிய மரம் மட்டும் ஊரில் கதவாக நின்றது.

மியான்மர் 2014இல் உருட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்தது. பழந்தேக்கின் மதிப்போ இன்னும் ஏறியது. பாகப்பிரிவினையில் வீட்டைப் பங்கிடலாம், கதவைப் பங்கிட இயலுமா? பாட்டனார் கடல் கடந்து தேடியது எடைபோட்டு விற்கப்படுகிறது. வாங்கியவர் அதை அறுத்து உணவு மேசையாக்குகிறார். முட்டுக்காடு வந்து சேர்ந்தவை மிகச் சிலவே.